தொடக்கம் முதல் முடிவு வரை கேட்கத்தக்க ஆல்பங்கள் இன்றும் வருகின்றனவா?

இசைநாடி:

நண்பர்களுக்கு வணக்கம். ஆங்கில வெகுசன இசையைத் தொடர்ந்து கேட்டுவருபவர்களிடம் ஓர் ஐயத்தை முன்வைக்க விரும்புகிறேன்.

1971இல் வெளிவந்த மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பத்தில் ஒரு பாடல் அடங்குவதற்கு முன்பே அடுத்த பாடல் அதற்குள் நுழைந்துவிடுகிறது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய ஒருவன் தன் நாட்டில் காணும் வறுமையையும் வன்முறையையும் பாழ்பட்ட இயற்கையையும் அடுத்தடுத்துச் சொல்லிக்கொண்டே போவதால், நடுவில் ஒரு பாடலை மட்டும் உருவியெடுத்துக் கேட்டால் பேச்சைப் பாதியில் கேட்டதுபோல ஆகிவிடுகிறது. பிங்க் ஃபிளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' (1973) இதயத் துடிப்பில் தொடங்கி இதயத் துடிப்பிலேயே முடிகிறது. இவற்றைக் கேட்பதற்கு முக்கால் மணி நேரத்திற்கும் குறைவாகவே ஆகும். ஆனால் அந்த நேரம் முழுவதும் கேட்பவரைப் பிடித்துவைத்துக்கொள்ளும் ஆற்றல் அவற்றுக்கு உண்டு.

நல்ல பாடல்கள் இன்றும் வருகின்றன என்பதில் எனக்கு ஐயமில்லை. பழையதெல்லாம் பொன் என்று புலம்புவதும் என் நோக்கமன்று. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வெளிவந்தவற்றுள், பாடல்களின் வரிசை மாறினால் பொருளே குலைந்துவிடும் என்று சொல்லத்தக்க ஆல்பங்கள் இருக்கின்றனவா? இருந்தால், எது அவற்றை அவ்வாறு ஆக்குகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால் நன்றியுடையவனாவேன். பெயர்ப் பட்டியல் மட்டும் வேண்டாம்.

ஊசிமுனை:

உங்கள் கேள்விக்கு நேரடியாக விடை சொல்வதற்கு முன், அந்தப் பழைய ஆல்பங்கள் ஏன் அந்த அளவில் அமைந்தன என்பதைப் பார்த்துவிடலாம். அதில் கலைஞரின் மேதைமைக்கு இருக்கும் பங்கைப் போலவே கருவிக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

நிமிடத்திற்கு 78 முறை சுழலும் பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று அல்லது நான்கு நிமிட இசைதான் அடங்கும். 1948இல் கொலம்பியா நிறுவனம் நிமிடத்திற்கு 33⅓ முறை சுழலும் எல்.பி. இசைத்தட்டை அறிமுகப்படுத்தியபோது, பக்கத்திற்கு ஏறக்குறைய 22 நிமிடம் என்ற புதிய எல்லை உருவானது. இரண்டு பக்கமும் சேர்ந்து நாற்பதிலிருந்து நாற்பத்தைந்து நிமிடம்; நடுவில் எழுந்துபோய்த் தட்டைத் திருப்பிப் போட வேண்டிய ஓர் இடைவெளி. முதல் பக்கத்தை எதில் முடிப்பது, இரண்டாம் பக்கத்தை எதில் தொடங்குவது என்று யோசிக்க வேண்டிய கட்டாயம் இதனால்தான் வந்தது. ஊசியைத் தூக்கி அடுத்த பாடலில் வைப்பது தொல்லையான வேலை என்பதால், கேட்பவரும் பெரும்பாலும் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

இந்த ஏற்பாடு எல்லோரையும் காவியம் படைக்க வைத்துவிடவில்லை. 1960களின் நடுப்பகுதி வரை வந்த வெகுசன எல்.பி.க்களில் பெரும்பாலானவை, ஏற்கெனவே விற்றுத் தீர்ந்த இரண்டு மூன்று பாடல்களோடு அவசரத்தில் பதிவு செய்த நிரப்புப் பாடல்களைச் சேர்த்துக் கட்டிய மூட்டைகள். அவை காலத்தில் கழிந்துபோயின. நாம் நினைவில் வைத்திருப்பது சல்லடையில் தங்கியவற்றை மட்டுமே. ஆகவே அன்றைய சிறந்த பத்தை இன்றைய எல்லாவற்றோடும் வைத்து ஒப்பிடுவது நியாயமான கணக்கன்று.

1982இல் குறுந்தகடு வந்தபோது 74 நிமிடம் வரை இடம் கிடைத்தது. கிடைத்த இடத்தை நிரப்ப வேண்டும் என்ற எண்ணம் 1990களின் ஆல்பங்களைப் பெருமளவு கெடுத்தது என்பது என் கருத்து. ஒரு பாடலுக்காக முழுத் தகட்டின் விலையைக் கொடுத்தவர்களின் எரிச்சலை ஆப்பிள் நிறுவனம் சரியாகப் புரிந்துகொண்டு, 2003இல் ஐடியூன்ஸ் கடையில் பாடல் ஒன்றை 99 சென்டுக்குத் தனியாக விற்கத் தொடங்கியது. ஆல்பம் என்ற கட்டு அவிழ்ந்தது அங்கேதான். ஸ்ட்ரீமிங் அந்த வேலையை முடித்துவைத்தது.

இப்போதைய நிலை இன்னும் விசித்திரமானது. ஸ்ட்ரீமிங் செயலியான ஸ்பாட்டிஃபையில் ஒரு பாடலை 30 விநாடி கேட்டால் அது ஒரு கேட்பாகக் கணக்கில் ஏறுகிறது. 2014 டிசம்பரிலிருந்து அமெரிக்காவின் ஆல்பத் தரவரிசையான பில்போர்டு பட்டியல் 1,500 ஸ்ட்ரீம்களை ஓர் ஆல்பம் விற்றதற்குச் சமமாக எடுத்துக்கொண்டது. பின்னர் அந்த எண்ணை மாற்றினாலும் முறை மாறவில்லை. பாடல்கள் எத்தனை அதிகமோ அத்தனை வாய்ப்பு என்றாகிவிட்ட பிறகு, ராப் பாடகர் டிரேக்கின் 'ஸ்கார்பியன்' (2018) போல 25 பாடல்களோடு ஒன்றரை மணி நேரம் ஓடும் வெளியீடுகள் வருவதில் வியப்பில்லை. அவற்றை முழுதாகக் கேட்க வேண்டும் என்று அவற்றைச் செய்தவர்களே எதிர்பார்ப்பதில்லை என்றுதான் நினைக்கிறேன்.

இதிலிருந்து நான் வருகிற முடிவு இது: அன்று தட்டின் அளவு கலைஞரைக் கட்டுப்படுத்தியது, இன்று கட்டுப்படுத்த எதுவும் இல்லை. எந்தப் புறக்கட்டாயமும் இல்லாத நிலையில் ஒருவர் முழு ஆல்பமாக ஒன்றைச் செய்கிறார் என்றால், அதைச் செய்யாமலிருந்தாலும் அவருக்கு நட்டமில்லை என்று தெரிந்தேதான் செய்கிறார். அத்தகையவர்கள் குறைவு. அதே காரணத்தால் அவர்களுடைய படைப்புகள் இறுக்கமாக இருக்கின்றன.

நள்ளிரவு வானொலி:

ஊசிமுனை அவர்கள் சொன்னதோடு பெரிதும் உடன்படுகிறேன். கேள்வி கேட்டவர் எடுத்துக்காட்டும் விளக்கமும் கேட்டிருப்பதால் அந்தப் பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

வரிசை மாறினால் பொருள் குலையும் என்ற அளவுகோலுக்கு, 2015இல் வெளிவந்த, அமெரிக்க ராப் பாடகர் கென்ட்ரிக் லமாரின் 'டு பிம்ப் எ பட்டர்ஃப்ளை' ஆல்பத்தைக் காட்டிலும் பொருத்தமான ஒன்றை என்னால் சொல்ல முடியவில்லை. அதன் பாடல்களுக்கு இடையில் அவர் ஒரு கவிதையைச் சொல்லத் தொடங்குகிறார். முதலில் ஓரிரு வரிகளோடு நிறுத்திவிடுகிறார். இன்னும் சில பாடல்கள் கழித்து அதே வரிகளைத் திரும்பச் சொல்லி, அவற்றோடு மேலும் சில வரிகளைச் சேர்க்கிறார். புகழ் வந்தபின் தனக்குள் நேர்ந்த குழப்பம், அதைத் தவறாகப் பயன்படுத்திய குற்றவுணர்வு, விடுதி அறையில் அலறியது, பிறகு ஊருக்குத் திரும்பியது என்று கவிதை வளர வளர, அதுவரை கேட்ட பாடல்கள் ஒவ்வொன்றும் அந்தக் கவிதையின் ஒரு வரிக்கு எழுதப்பட்ட உரையாக மாறிவிடுகின்றன. கடைசிப் பாடலில் கவிதை முழுமையடைந்த பிறகுதான், அவர் இதை யாரிடம் படித்துக்காட்டிக்கொண்டிருந்தார் என்பதே நமக்குத் தெரிகிறது. 1996இல் கொல்லப்பட்ட ராப் பாடகர் டூபாக் ஷகூரிடம்! 1994இல் டூபாக் அளித்த ஒரு பேட்டியின் ஒலிப்பதிவைத் துண்டுகளாக எடுத்து, இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதுபோல அமைத்திருக்கிறார். இறுதியில் கென்ட்ரிக் இன்னொரு கேள்வி கேட்கிறார், மறுமொழி இல்லை, பெயர் சொல்லி அழைக்கிறார், ஆல்பம் முடிகிறது. 79 நிமிடம் முழுவதும் கூடவே வந்தவருக்கு மட்டும்தான் அந்த மௌனத்தின் கனம் புரியும். அந்தக் கடைசிப் பாடலை ஒரு பிளேலிஸ்டில் போட்டால், நீளமான பேச்சு என்று தாண்டிப்போய்விடுவார்கள்.

இசையமைப்பிலும் இது தனிப்பாடல் கணக்கில் செய்யப்பட்டதன்று. தண்டர்கேட், கமாசி வாஷிங்டன், ராபர்ட் கிளாஸ்பர் போன்ற ஜாஸ் கலைஞர்கள் இதில் வாசித்திருக்கிறார்கள்; ஃபங்க், சோல், ஜாஸ் என்று கறுப்பின அமெரிக்க இசையின் வரலாறே பின்னணியில் ஓடுகிறது.

அதே கலைஞரின் 'டேம்ன்' (2017) வேறு வகையான கட்டுமானம். அதன் கடைசிப் பாடல் முடியும்போது ஒலிநாடா பின்னோக்கிச் சுழல்வதுபோல முழு ஆல்பமும் சில நொடிகளில் பின்னால் ஓடி, முதல் பாடலில் அவர் பேசும் முதல் வாக்கியத்தில் வந்து நிற்கிறது. அந்த ஆண்டின் இறுதியில் பாடல் வரிசையைத் தலைகீழாக்கி ஒரு பதிப்பையும் வெளியிட்டார். 'வரிசை மாறினால் பொருள் குலையுமா' என்ற உங்கள் கேள்வியையே அவர் ஒரு விளையாட்டாக ஆக்கிவிட்டார் என்று சொல்லலாம்: ஒரு திசையில் கேட்டால் முதல் பாடலின் துப்பாக்கிச் சத்தத்திலிருந்து தொடங்கிக் காரணத்தைத் தேடுகிறோம், மறு திசையில் கேட்டால் காரணத்திலிருந்து அந்தச் சத்தத்தை நோக்கிப் போகிறோம். 2018இல் இசைக்கான புலிட்சர் பரிசு இந்த ஆல்பத்திற்குக் கிடைத்தது. செவ்வியல், ஜாஸ் ஆகிய இரண்டுக்கும் வெளியே அந்தப் பரிசு போனது அதுவே முதல் முறை.

டேவிட் போவியின் 'பிளாக்ஸ்டார்' பற்றியும் சொல்ல வேண்டும். 2016 ஜனவரி 8ஆம் தேதி, அவருடைய 69ஆவது பிறந்த நாளில் வெளியானது. இரண்டு நாள் கழித்து அவர் இறந்தார். நோயை வெளியுலகம் அறியாமல் மறைத்துவைத்திருந்ததால், முதல் இரண்டு நாள்களில் கேட்டவர்களுக்கு அது புதிரான ஒரு ஜாஸ் கலந்த ராக் ஆல்பம்; மூன்றாம் நாள் கேட்டவர்களுக்கு அதுவே விடைபெறும் கடிதம். ஏழே பாடல்கள், நாற்பது நிமிடத்திற்குச் சற்று அதிகம். முதல் பாடல் 9 நிமிடம் 57 விநாடி ஓடுகிறது. பத்து நிமிடத்தைத் தாண்டினால் ஐடியூன்ஸ் அதைத் தனிப்பாடலாக விற்காது என்பதால் நீளத்தைக் குறைத்ததாகத் தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி கூறியிருக்கிறார். கருவி இன்றும் கட்டுப்படுத்தத்தான் செய்கிறது என்பதற்கு, ஊசிமுனை அவர்களே, இது என் சிறிய மறுப்பு.

பியோனா ஆப்பிளின் 'ஃபெட்ச் தி போல்ட் கட்டர்ஸ்' (2020) பெரும்பாலும் அவருடைய வீட்டிலேயே பதிவானது. சுவரையும் தரையையும் தட்டியெழுப்பிய தாளங்களும் நாய்கள் குரைப்பதும் அதில் அப்படியே இருக்கின்றன. பாடல்கள் கதையாகத் தொடரவில்லை. ஆனால் ஒரே வீட்டின் ஒலி அவற்றைக் கட்டிவைக்கிறது.

பழைய ஒலிநாடா:

மேலே சொன்ன ஆல்பங்களின் தரத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் 'கிளாசிக்' என்ற தகுதி படைப்புக்குள் மட்டும் இருப்பதாக எண்ணுவதை மறுக்கிறேன்.

'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' 1973க்கும் 1988க்கும் இடையில் 741 வாரங்கள் பில்போர்டு பட்டியலில் இருந்தது. அதாவது, அண்ணன் வாங்கியதைத் தம்பி கேட்டு, தம்பி வளர்ந்து தனக்கென ஒன்று வாங்கும் வரை அது கடைகளில் இருந்தது. இன்று உலகம் முழுவதும் வெள்ளிக்கிழமை தோறும் புதிய வெளியீடுகள் வந்து விழுகின்றன. திங்கட்கிழமைக்குள் தீர்ப்புகள் எழுதப்பட்டுவிடுகின்றன. அடுத்த வெள்ளிக்கிழமை வேறு பேச்சு. நல்ல ஆல்பம் பிறப்பதற்குக் கலைஞர் போதும். கிளாசிக் ஆவதற்கு ஒரே ஆல்பத்தை நீண்ட காலம் சேர்ந்து கேட்கும் ஒரு கூட்டம் வேண்டும். அந்தக் கூட்டம் கலைந்துவிட்டது.

இன்னொன்று. நம்மவர்கள் ஆல்பத்தை முழுதாகக் கேட்ட பொற்காலம் என்று ஒன்றைப் பற்றி ஏங்குவதைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. தமிழ்நாட்டின் சிறு ஊர்களில் ரெக்கார்டிங் சென்டருக்குப் போய், பிடித்த பாடல்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, வெற்று கேசட்டில் பதிவு செய்து வாங்கிய தலைமுறை நம்முடையது. கடையில் விற்ற கேசட்டிலும் ஒரு பக்கம் ஒரு படம், மறு பக்கம் வேறொரு படம் என்றிருப்பது வழக்கம். இரண்டுக்கும் இசையமைப்பாளரே வேறாகவும் இருப்பார். பிளேலிஸ்ட் நமக்கு அமெரிக்காவிலிருந்து வந்த நோயன்று. ஆகவே ஆல்பத்திற்கான இந்த ஏக்கத்தில் பாதி இரவல் ஏக்கம்.

இசைநாடி:

மூவருக்கும் நன்றி. 'டேம்ன்' ஆல்பத்தின் இரு வரிசைகளையும் பற்றி நள்ளிரவு வானொலி அவர்கள் எழுதியது நான் கேட்டதற்கு மிக நெருங்கிய விடை.

பழைய ஒலிநாடா அவர்கள் கூறியதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. கூட்டம் இல்லாமல் கிளாசிக் இல்லை என்றால், வெளிவந்தபோது யாரும் பொருட்படுத்தாமல் பல ஆண்டுகளுக்குப் பின் போற்றப்பட்ட ஆல்பங்களை எங்கே வைப்பது? ஆங்கிலப் பாடகர் நிக் டிரேக் 1974இல் இறந்தபோது அவருடைய மூன்று ஆல்பங்களையும் கேட்டவர்கள் மிகச் சிலரே. கூட்டம் பிறகு வந்தது.

மேலும் ஒரு வேண்டுகோள். ராப் பாடல்களின் வழக்குச் சொற்கள் எனக்கு எளிதாகப் பிடிபடுவதில்லை. வரிகளைத் திரையில் வைத்துக்கொண்டு கேட்கும்போது இசை நழுவிவிடுகிறது. சொல்லைச் சாராத, கருவியிசையாலேயே முழுமை பெற்ற அண்மைக்கால ஆல்பம் ஏதேனும் உண்டா?

நாதலயம்:

உண்டு. 2021இல் வெளிவந்த 'பிராமிசஸ்' ஆல்பத்தைக் கேளுங்கள். மின்னணு இசைக் கலைஞர் ஃப்ளோட்டிங் பாயின்ட்ஸ், ஜாஸ் சாக்சபோன் மேதை ஃபாரோ சாண்டர்ஸ், லண்டன் சிம்பொனி இசைக்குழு ஆகியோர் சேர்ந்து செய்தது. 46 நிமிடம், ஒன்பது பகுதிகள். ஆனால் ஒரே படைப்பு. ஏழு சுரங்கள் கொண்ட ஒரு சிறிய சொற்றொடர் தொடக்கத்தில் ஒலிக்கிறது. அதுவே ஏறத்தாழ முழு நேரமும் திரும்பத் திரும்ப வருகிறது. அதன்மேல் சாண்டர்ஸின் சாக்சபோன் முதலில் மெல்லப் பேசத் தொடங்குகிறது. ஓரிடத்தில் கருவியை விட்டுவிட்டு வாயாலேயே பொருளற்ற அசைகளை முணுமுணுக்கிறார். பிறகு தந்திக் கருவிகள் கடலெனப் பொங்கி அடங்குகின்றன. மாறாத ஆதாரத்தின்மேல் மாறிக்கொண்டேயிருக்கும் கற்பனை என்பது தம்புராவைக் கேட்டு வளர்ந்த நம் செவிக்கு அந்நியமானதன்று. வெளிவந்தபோது சாண்டர்ஸுக்கு வயது எண்பது. மறு ஆண்டு மறைந்தார்.

பழைய ஒலிநாடா அவர்கள் நம் கேட்கும் பழக்கத்தைப் பற்றிச் சொன்னது உண்மைதான். ஆனால் அது திரைப்பாடலுக்கு மட்டும் பொருந்தும் உண்மை. 1986இலேயே இளையராஜா 'ஹவ் டு நேம் இட்?' ஆல்பத்தைத் தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாக்கிற்கும் காணிக்கையாக்கி வெளியிட்டார். அதில் வி.எஸ். நரசிம்மனின் வயலின் கர்நாடக ராகத்திலிருந்து பல மெட்டுகள் ஒன்றாக ஒலிக்கும் பாக்கின் முரணிசைக்குள் போய் வருவதைத் தொடர்ந்து கேட்டால்தான், தனித்தனித் துண்டுகள் ஒரே உரையாடலாகின்றன. 2005இல் வந்த அவருடைய திருவாசகம் ஆறே பாடல்கள். 'பொல்லா வினையேன்' மட்டும் ஏறக்குறைய இருபது நிமிடம் ஓடுகிறது. புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு வாசித்த அந்தப் பாடலைத் துண்டாக்கி ஒலிபரப்ப எந்த வானொலிக்கும் வழியில்லை. இவை நம் மண்ணில் செய்யப்பட்டவை, கேட்டவர்களும் நம்மவர்களே. ஏக்கம் இரவல் என்று மொத்தமாகத் தள்ளிவிட முடியாது.

ஈழத்தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த பாடகி எம்.ஐ.ஏ. தன் தந்தையின் பெயரில் 'அருளர்' (2005), தாயின் பெயரில் 'கலா' (2007) என்று இரண்டு ஆல்பங்கள் வெளியிட்டதையும் இங்கே குறிப்பிட வேண்டும். இரண்டாவதில் சென்னையில் பதிவான உறுமி முழக்கம் இருக்கிறது. நீங்கள் கேட்ட காலத்திற்குச் சற்று முற்பட்டது என்றாலும், ஊர் ஊராகச் சென்று பதிவு செய்த ஒலிகளை ஒரே மூச்சில் கேட்க வைக்கும் வகையில் தொகுத்திருக்கிறார்.

இன்றைய தமிழ்த் திரையிசை பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. படம் வெளியாவதற்கு முன்பே 'முதல் சிங்கிள்', 'இரண்டாவது சிங்கிள்' என்று வாரக்கணக்கில் பாடல்களைத் தனித்தனியாக இறக்கிவிடுகிறார்கள். முழுத் தொகுப்பும் வரும்போது அதில் பாதியைக் கேட்டுச் சலித்திருக்கிறோம்.

பழைய ஒலிநாடா:

நிக் டிரேக் பற்றிய மறுப்பை ஏற்கிறேன். ஆனால் அவருக்குக் காத்திருக்க இருபது முப்பது ஆண்டுகள் இருந்தன, காத்திருந்தது மூன்றே ஆல்பங்கள். இன்று வெளியாகும் பெருவெள்ளத்தில் அவரைப் போன்ற ஒருவரை யார், எதை வைத்து, திரும்பிப்போய்த் தேடுவார்கள்? இளையராஜாவின் இரண்டும் வேறு கணக்கு என்பதை ஒப்புக்கொள்கிறேன். என்றாலும் அவற்றைப் பெயரால் அறிந்தவர்களையும் முழுதாகக் கேட்டவர்களையும் ஒரே எண்ணிக்கையில் சேர்த்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஊசிமுனை:

நள்ளிரவு வானொலி அவர்கள் காட்டிய 'பிளாக்ஸ்டார்' சான்று வலுவானது. 'கட்டுப்படுத்த எதுவும் இல்லை' என்பதைக் 'கட்டுப்பாடு ஆல்பத்திலிருந்து பாடலுக்கு இடம் மாறிவிட்டது' என்று திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள். கூட்டம் முற்றிலும் கலைந்துவிட்டது என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. 2022இல் அமெரிக்காவில் குறுந்தகடுகளைவிட வினைல் இசைத்தட்டுகள் எண்ணிக்கையில் அதிகம் விற்றன. 1987க்குப் பின் அப்படி நடந்தது அதுவே முதல் முறை. வாங்கிய எல்லோரும் தட்டைச் சுழலவிட்டுக் கேட்கிறார்கள் என்று நான் வாதிடவில்லை. அலமாரியில் அழகுக்கு வைப்பவர்களும் உண்டு.

இசைநாடி அவர்களுக்கு நடைமுறை சார்ந்த ஒரு குறிப்பு. 2021 நவம்பரில் பாடகி அடேல் தன் '30' ஆல்பம் வந்தபோது கேட்டுக்கொண்டதற்கு இணங்க, ஸ்பாட்டிஃபை ஆல்பப் பக்கங்களில் பாடல்களை வரிசை கலைத்து ஒலிக்கும் ஷஃபிள் முன்னால் நிற்பதை மாற்றியது. ஆயினும் உங்கள் செயலியில் ஷஃபிள் அணைந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். அதைவிட முக்கியமாக, ஒரு பாடலின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலக்கும் 'கிராஸ்ஃபேட்' வசதி இயங்கிக்கொண்டிருந்தால் நிறுத்திவிட்டு, பாடல்களுக்கு இடையே இடைவெளி விடாமல் ஒலிக்கும் அமைப்பை இயக்குங்கள். இல்லையென்றால் 'பிராமிசஸ்' ஒன்பது துண்டுகளாகத்தான் கேட்கும். நாதலயம் அவர்கள் சொன்ன அந்த ஏழு சுரங்கள் ஒவ்வொரு பகுதியின் எல்லையிலும் ஒரு நொடி அறுந்து ஒட்டும். ஆல்பம் முடிந்ததும் அதைப் போன்ற வேறு பாடல்கள் தாமாகவே தொடங்கும் ஏற்பாட்டையும் அணைத்துவிடுவது நல்லது. கென்ட்ரிக் கடைசியாக அழைத்துவிட்டுக் காத்திருக்கும் இடத்தில் வேறு யாரோ வந்து பாடத் தொடங்கிவிடுவார்கள்.